கையுறையைக் கழற்றிய டோனாவூர் அம்மா!

நர்ஸிங் படிக்கிறீங்களா? இல்ல, ஆஸ்பத்திரியில யாருக்காவது துணைக்கு இருந்திருக்கீங்களா? அப்போ இவரைப் பத்தி நீங்க தெரிஞ்சுக்கணும்.

நோயாளியோட மொழி, உடை, பழக்கம், பயம் எல்லாத்தையும் புரிஞ்சுகிட்டு கவனிக்கணும்னு இன்னைக்கு நர்ஸிங்ல பாடமாவே சொல்லித் தர்றாங்க. களக்காடு பக்கத்துல இருக்கிற டோனாவூர்ல, நூறு வருஷத்துக்கு முன்னாடியே அதை வாழ்ந்து காட்டியவர் ஏமி கார்மைக்கேல்.

1867-ல் அயர்லாந்தில் பிறந்தவர். 1893-ல் மிஷனரியாக ஜப்பான் போனார். அங்கே நோயில் படுத்திருந்த ஒரு பாட்டியைப் பார்க்கப் போயிருந்தார். பாட்டியும் கவனமாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று ஏமி போட்டிருந்த ரோமக் கையுறை கண்ணில் பட்டது. அவ்வளவுதான், மொத்த கவனமும் அதன் மேல் போய்விட்டது! அதன்பிறகு ஏமி கிமோனோ உடுத்திக்கொண்டுதான் மக்களைப் பார்க்கப் போனார்.

1895-ல் இந்தியா வந்தார். அடுத்து நம்ம நெல்லைச் சீமை. முதல் வேலையாக உட்கார்ந்து தமிழ் படித்தார். சேலை கட்டிக்கொண்டார். 1901-ல், கோயிலுக்குப் பொட்டுக்கட்ட இருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பித்து இவரிடம் வந்து சேர்ந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் பல குழந்தைகள். டோனாவூர் இல்லம் உருவானது. அங்கே வார்டன், மேடம் எல்லாம் கிடையாது. பார்த்துக்கொள்பவர்கள் அக்கா, சித்தி, அண்ணாச்சி. ஏமி, எல்லோருக்கும் அம்மா.

கைக்குழந்தைகள் வந்தபோதுதான் நிஜமான சோதனை. தாய்ப்பால் கிடையாது, பக்கத்தில் ஆஸ்பத்திரியும் இல்லை. அதனால் நெய்யூர் மருத்துவமனையை ஒட்டி ஒரு காப்பகம் நடத்தினார்கள். பொறுப்பை ஏற்றவர் பொன்னம்மாள் என்ற இளம் விதவை. அழுக்குத் துணி அலசுவதைப் பலரும் கௌரவக் குறைச்சலாக நினைத்த காலம் அது. ஏமி அதையும் தன் கையால் செய்தார்.

ஒண்ணு கவனிங்க. ஊர் வழக்கத்தை மதிச்சார்ங்கிறதுக்காக எல்லாத்துக்கும் தலையாட்டலை. பொட்டுக்கட்டுறதை எதிர்த்தார், சாதி பார்க்கிறதையும் எதிர்த்தார். குழந்தைகளைக் கடத்துறார்னு பழி வந்தது, கோர்ட் கேஸும் வந்தது. அப்பவும் பின்வாங்கலை. சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டும் வழக்கத்துக்குச் சட்டப்படி தடை வந்தது 1947-ல்தான்.

1920-களின் கடைசியில் டோனாவூரில் ஆஸ்பத்திரி வேலை தொடங்கியது. அடுத்து களக்காட்டிலும் மருத்துவ உதவி கொடுக்க வாடகைக்கு வீடு பார்த்தார்கள். 1931 அக்டோபர் 24, இருட்டுகிற நேரம். அந்த வீட்டைப் பார்க்கப் போன ஏமி, கக்கூஸுக்காகத் தோண்டியிருந்த குழியில் விழுந்தார். கால் முறிந்தது. அதன்பிறகு பழையபடி நடமாடவே முடியவில்லை. சுமார் 20 வருஷம் அறையும் படுக்கையும்தான். அத்தனை காலம் மற்றவர்களைக் கவனித்தவரை, அவர் வளர்த்த பிள்ளைகளே கவனித்துக்கொண்டார்கள். படுத்தபடியே புத்தகம் புத்தகமாக எழுதினார்.

1951 ஜனவரி 18-ல் காலமானார். கல்லறைக் கல் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். அதனால் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி மட்டும் வைத்து, அதில் அம்மா என்று பொறித்தார்கள்.

நாளைக்கு நீங்க வேலைக்காக துபாய் போகலாம், லண்டன் போகலாம். அங்கே உங்க முன்னாடி படுத்திருக்கிறவருக்கு நீங்கதான் வெளியூர்க்காரர். ஊசியைக் கையில எடுக்கிறதுக்கு முன்னாடி, அவரை எப்படிக் கூப்பிட்டா பிடிக்கும்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க. பாதி பயம் அங்கேயே போயிடும்!