ஜோன்ஸ்டன் துரையும் எங்கள் இரண்டு வழக்குகளும்

யாழ்ப்பாணத்தில் என்னோடு ஒரே வகுப்பில் படித்த சிநேகிதி ஒருத்தி சோனகதெருவில் இருந்தாள். 1990 ஒக்டோபர் 30 அன்று, இரண்டு மணித்தியாலத்தில் ஊரை விட்டுப் போகச் சொல்லப்பட்டவர்களில் அவளும் ஒருத்தி. யுத்தம் முடிந்து நான்கு வருடங்களின் பின் அவளைப் புத்தளத்தில் தேடிக் கண்டுபிடித்தேன். அப்போது அவள் காதி நீதிமன்றத்துக்கு அலைந்து கொண்டிருந்தாள். ஒருநாள் நானும் துணைக்குப் போனேன்.

நீதிமன்றம் என்று நினைத்துப் போனால், அது ஒரு பாடசாலை வகுப்பறை. அங்கே சட்டத்தரணி அவளுக்காகப் பேச முடியாது, சட்டம் அனுமதிப்பதில்லை. கணவன் காரணம் சொல்லாமலே தலாக் கொடுக்கலாம். மனைவி பஸஹ் கேட்டால் அவனுடைய குற்றத்தைச் சாட்சிகளோடு நிரூபிக்க வேண்டும். அவளது நிக்காஹ் அகதி முகாமில் நடந்தது, பதியப்படவில்லை. பதியாவிட்டாலும் செல்லும்தான். ஆனால் நடந்ததென்று சொல்ல வேண்டியவர்கள் முகாம் முகாமாகச் சிதறிப் போயிருந்தார்கள்.

மதத்தின் தீர்ப்பு அரசின் சட்டத்துக்குள் எப்படி வந்தது என்று தேடப் போய்த்தான் சேர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டனைப் பற்றி வாசித்தேன்.

1775 இல் பிறந்த ஸ்கொட்லாந்துக்காரர். தகப்பனுக்கு மதுரையில் உத்தியோகம், அதனால் சிறுவயது அங்கேயே கழிந்தது. சுவார்ட்ஸ் பாதிரியாரிடம் பாடம் படித்தார், தமிழும் கற்றார். பிறகு இங்கிலாந்தில் சட்டம் படித்து இலங்கைக்கு வந்தார். அந்தந்தச் சனத்தை அவரவர் வழக்கப்படியே ஆள வேண்டும் என்பது அவரது பிடிவாதம். கொழும்பு முஸ்லிம் தலைவர்களோடு கலந்து, வாரிசுரிமை, திருமணம், விவாகரத்துப் பற்றிய விதிகளைத் தொகுப்பித்தார். 1806 இல் அது சட்டமானது. முதலில் கொழும்பு மாகாணத்துக்கு மட்டும், 1852 இல் முழு இலங்கைக்கும். 1929 ஆம் ஆண்டுச் சட்டம் காதிமாரைக் கொண்டுவந்தது, அது நடைமுறைக்கு வந்தது 1937 இல். இன்றைய முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் 1951 க்குரியது. காதியாக ஆண் ஒருவரையே நியமிக்கலாம் என்று அதில் எழுதியிருக்கிறது.

அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்நாட்டவரும் யூரிகளாக இருந்து தீர்ப்புச் சொல்லும் முறை 1811 இல் வந்ததற்கு அவரே காரணம். பிரதம நீதியரசராக இருந்தபோது அடிமைகளை வைத்திருந்தவர்களோடு பேசிப் பேசி, 1816 ஓகஸ்ட் 12 முதல் அடிமைகளுக்குப் பிறக்கும் பிள்ளைகள் சுதந்திரர் என்று அவர்களையே ஒப்புக்கொள்ள வைத்தார். ஆக, வழக்கம் என்பது மாறாத கல் அல்ல என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. குடும்ப விடயத்தில் மட்டும் தலைவர்கள் சொன்னது போதும் என்று விட்டுவிட்டார். அந்தத் தலைவர்கள் எல்லோரும் ஆண்கள். இது அவர் காலத்துக் குறை என்று சொல்லித் தப்பலாம். பிந்தி வந்தவர்களுக்கு அந்தச் சாட்டும் இல்லை. 1978 அரசியலமைப்பின் 16 ஆம் உறுப்புரை, அடிப்படை உரிமைகளோடு முரண்பட்டாலும் பழைய சட்டங்கள் செல்லும் என்கிறது.

இதை முஸ்லிம்களின் பிரச்சினை என்று நினைத்துத்தான் வாசிக்கத் தொடங்கினேன். அதே 1806 இல் எங்கள் தேசவழமையையும் பிரித்தானியர் சட்டமாக்கியிருக்கிறார்கள். நூறு வருடம் முந்தி ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் எழுதி, பன்னிரண்டு முதலிமார் பார்த்துச் சரியென்ற தொகுப்பு அது. தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் சொந்தக் காணியை விற்கவும் கணவனுடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். என் கணவர் 2009 இல் காணாமல் போனார். மகளின் படிப்புக்காக என் சீதனக் காணியில் ஒரு துண்டை விற்கப் போனபோது அவருடைய கையெழுத்தைக் கேட்டார்கள். கையெழுத்து இல்லையென்றால் மாவட்ட நீதிமன்றத்தின் கட்டளை வேண்டுமாம்.

ஜோன்ஸ்டன் பிறகு இலங்கையை விட்டுப் போனார். லண்டனில் றோயல் ஏசியாட்டிக் சொசைட்டியைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். 1849 இல் காலமானார்.

அன்று வகுப்பறையில் கணவன் தரப்பு வராததால் வழக்குத் தள்ளிப் போனது. அவளுக்கு அடுத்த தவணை ஒரு ஞாயிற்றுக்கிழமை. எனக்கு அதற்கு அடுத்த செவ்வாய், யாழ்ப்பாணத்தில்.