பட்டுச் சட்டை இளவரசர்

2018-இல் திரையிடப்பட்ட ‘ஓஷன்ஸ் 8’ படத்தை நம் மாணவர்கள் பலரும் பார்த்திருப்பார்கள். நியூயார்க்கில் நடக்கும் ஆடையலங்கார விழா ஒன்றில் நடிகையின் கழுத்திலிருந்து வைரமாலை களவு போகும். அந்த மாலை முழுக் கற்பனையன்று. 1931-இல் ஜாக் கார்த்தியே என்ற புகழ்பெற்ற நகை வடிவமைப்பாளர் ஓர் இந்திய அரசருக்காக அமைத்த மாலையைப் பின்பற்றிச் செய்யப்பட்டது. ஆண்மகன் அணிய வேண்டிய மாலை என்பதால், ஆன் ஹாத்தவேயின் கழுத்துக்கு ஏற்ப அளவைக் குறைத்தார்களாம். அந்த அரசர் நவாநகரின் ஜாம் சாகிப் ரஞ்சித்சிங்ஜி. ஆம், ரஞ்சிக் கிண்ணத்தின் ரஞ்சியேதான்.

பூப்பந்தும் காற்பந்தும் பார்த்து வளர்ந்தவன் நான். தண்ணீர்மலையில் எங்கள் வீட்டுப் பக்கம் கிரிக்கெட் மட்டையைக் கண்டதே அரிது. ரஞ்சி என்பது எனக்குத் தமிழகச் செய்தியில் வரும் ஒரு கிண்ணத்தின் பெயர், அவ்வளவுதான். ஆனால் அவருடைய பழைய நிழற்படங்களைப் பார்த்த பிறகு அந்த மனிதரை விட முடியவில்லை.

1872 செப்டம்பர் 10-ஆம் நாள் கத்தியவாரிலுள்ள சரோதர் என்ற சிற்றூரில் பிறந்தார். நவாநகர் மன்னர் விபாஜி 1878-இல் அவரைத் தத்தெடுத்து வாரிசாக்கினார். 1882-இல் மன்னருக்கே ஒரு மகன் பிறந்தான். சிறுவன் ரஞ்சி ஒதுக்கப்பட்டான். கேம்பிரிட்ஜுக்குப் படிக்கப் போனபோது அவர் கையில் அரியணையும் இல்லை, பெரிய வருமானமும் இல்லை, கடன்தான் ஏறிக்கொண்டிருந்தது. ஆனால் இங்கிலாந்து அவரை இளவரசர் என்றே அழைத்தது. அவரும் மறுக்கவில்லை!

இங்கேதான் ஸ்டூடியோ வருகிறது. 1895 முதல் அவர் சசெக்ஸ் அணிக்கு ஆடினார். அந்த வட்டாரத்துப் பிரைட்டன் நகரில் ஹாக்கின்ஸ் என்ற படப்பிடிப்பு நிலையம் கிரிக்கெட் வீரர்களைப் படமெடுத்துப் பேர் பெற்றிருந்தது. ஓடும் பந்தை நெருக்கத்தில் பிடிப்பது அக்காலக் கேமராவுக்கு எளிதன்று. ஆகவே வீரர் மட்டையோடு அசையாமல் நிற்க வேண்டும். அடிப்பதைப்போல் நடிக்க வேண்டும். ரஞ்சிக்கு அது கைவந்த கலை. மணிக்கட்டில் பொத்தானிட்ட பட்டுச் சட்டை, மடிப்புக் கலையாத வெள்ளைக் கால்சட்டை, சற்றே வளைந்த மெலிந்த உடல். மற்ற ஆட்டக்காரர்களின் படங்களில் விளையாட்டு வீரன் தெரிகிறான். இவர் படங்களில் உடை தெரிகிறது, நிற்கும் ஒயில் தெரிகிறது, பிறகுதான் மட்டை. சிகரெட் பெட்டிக்குள் வைத்த சிறு அட்டைகளில்கூட அவர் படம் வந்தது. அரசராகும் முன்பே படங்களில் அவர் அரசராகிவிட்டார் என்பேன்.

எங்கள் தாத்தா ஜோர்ஜ்டவுன் ஸ்டூடியோ ஒன்றில் இரவல் கோட்டுப் போட்டு எடுத்துக்கொண்ட படம் இன்னும் வீட்டில் இருக்கிறது. அவர் வாழ்நாளில் சொந்தமாகக் கோட்டு வைத்திருந்ததில்லை. அதனால் ரஞ்சியை வேடதாரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மேலும், அவரிடம் சரக்கு இருந்தது. 1896-இல் லார்ட்ஸில் நடந்த முதல் டெஸ்டுக்கு அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. இந்தியர் ஒருவர் இங்கிலாந்துக்கு ஆடலாமா என்ற முணுமுணுப்பு இருந்தது. அடுத்த டெஸ்டு மான்செஸ்டரில். அங்கே தேர்வுக்குழு வேறு. ஆஸ்திரேலியரின் சம்மதத்தையும் கேட்டுக்கொண்டு அவரைச் சேர்த்தார்கள். 62 ஓட்டங்கள், பிறகு ஆட்டமிழக்காமல் 154! அந்த ஆண்டே 2,780 ஓட்டங்கள் குவித்து, 1871-இல் கிரேஸ் படைத்த சாதனையை முறியடித்தார். 1899-இல் ஒரே பருவத்தில் 3,000 ஓட்டங்களைக் கடந்த முதல் மனிதரானார். காலோரம் வரும் பந்தை மணிக்கட்டின் சிறு திருப்பத்தால் பின்பக்கம் வழியனுப்பும் ‘லெக் கிளான்ஸ்’ அவர் பெயரோடு சேர்ந்தது. பலத்தால் அடிக்காமல் நளினத்தால் அடிக்கும் அந்த வீச்சு, படத்துக்கென்றே பிறந்ததுபோல் இருக்கும்.

1906-இல் நவாநகர் மன்னர் மறைய, 1907-இல் ரஞ்சி உண்மையிலேயே அரியணை ஏறினார். அதன்பின் எடுத்த பல படங்களில் மட்டை இல்லை. தலைப்பாகை, முத்துச்சரங்கள், நகைகள். 1915-இல் இங்கிலாந்தில் பறவை வேட்டையின்போது குண்டு பட்டு வலது கண் போனது. ஆயினும் 1920-இல், 47 வயதில், ஒற்றைக் கண்ணோடு மீண்டும் சசெக்ஸுக்கு ஆடினார். நான்கு ஆட்டவாய்ப்புகளில் மொத்தம் 39 ஓட்டங்கள்தான். கார்த்தியேயின் மாலை வந்தது அவருடைய கடைசிக் காலத்தில். அதில் 136 காரட்டுக்கு மேற்பட்ட ‘ஹாலந்து ராணி’ வைரம் பதிந்திருந்தது. 1933 ஏப்ரல் 2-இல் காலமானார்.

எனக்கு உறுத்தும் ஒன்று உண்டு. அவர் ஆடிய 15 டெஸ்டுகளும் இங்கிலாந்துக்காகவே. உடன்பிறந்தவரின் மகன் துலீப்சிங்ஜியும் அங்கேயே ஆடினார். இந்தியக் கிரிக்கெட்டுக்கு ரஞ்சி செய்தது மிகக் குறைவு என்ற குறை இன்றும் பேசப்படுகிறது, நியாயமான குறைதான். அந்தப் படங்களின் பார்வையாளர்கள் ஆங்கிலேயர்கள். அவர்களுக்காகவே அவர் நின்றார்.

அப்படியிருந்தும், அவர் இறந்த மறு ஆண்டே பட்டியாலா மன்னர் வழங்கிய கிண்ணத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். அதன் முதல் ஆட்டம் 1934 நவம்பர் 4-ஆம் நாள் சென்னைச் சேப்பாக்கத்தில் நடந்தது. ராம் சிங் 11 விக்கெட்டுகளைச் சாய்க்க, மதராஸ் அணி மைசூரை ஒரே நாளில் வீழ்த்தியது.