சந்திரசேகர் கண்ட எல்லையும் வெற்றிடத்தின் புதிரும்

பெண்டாங் வயல்வெளியில் ராத்திரி நிமிர்ந்து பாருங்க. தெரியும் நட்சத்திரங்களில் பல, எரிபொருள் தீர்ந்ததும் வெள்ளைக் குள்ளனாகச் சுருங்கிவிடும். அந்தக் குள்ளனுக்கும் ஓர் எடை வரம்பு உண்டு, சூரியனைப் போல சுமார் 1.4 மடங்கு. அதைக் கணக்கிட்டவர் சுப்ரமணியன் சந்திரசேகர். 1910-இல் லாகூரில் பிறந்த தமிழர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு, 1930-இல், 19 வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். கணக்கு கப்பலிலேயே தொடங்கிவிட்டது.

1935-இல், லண்டன் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் எடிங்டன் அதைக் கேலி செய்தார். எடிங்டன் அப்போ வானியலில் பெரிய தலை. சந்திரசேகர் சொன்னது சரி என்று தனியாக ஒப்புக்கொண்டவர்கள்கூட வெளியே வாய் திறக்கல. அவர் சிகாகோ போய் வேறு ஆய்வுகளில் இறங்கினார். நோபல் கிடைக்க 1983 ஆனது. 1995-இல் காலமானார்.

பக்கத்து நட்சத்திரத்தின் பொருளை இழுத்து, அந்த வரம்பை நெருங்கி வெடிக்கும் குள்ளன்கள் ஏறக்குறைய ஒரே அளவு பிரகாசம் தரும். மங்கலாகத் தெரிந்தால் தூரம் அதிகம். இதை வைத்துத்தான் 1998-இல் பிரபஞ்சம் வேகமெடுத்து விரிவதைக் கண்டார்கள். காரணம் வெற்றிட ஆற்றலா? அப்படியென்றால், கோட்பாட்டுக் கணக்கு அளந்த மதிப்பைவிட 1-க்குப் பின்னால் 120 சைபர் போட்ட அளவுக்கு அதிகம்! வைன்பெர்க் 1987-லேயே ஒரு விளக்கம் தந்திருந்தார்: அது ரொம்பப் பெரிதாக இருந்திருந்தால் விண்மீன் மண்டலங்களே உருவாகாது, ஏன் என்று கேட்க நாமும் இருக்க மாட்டோம். இது பதிலா, சமாளிப்பா? சண்டை இன்னும் ஓயல.

வெற்றிட ஆற்றலின் இன்னொரு முகம்தான் அண்டவியல் மாறிலி. ஐன்ஸ்டைனே அதைக் கைவிட்ட பிறகும் விடாப்பிடியாக ஆதரித்தவர் யார் தெரியுமா? அதே எடிங்டன்.