இதயத்துக்கு உணவு எங்கிருந்து? இமாம் இப்னுந் நஃபீஸ் (ரஹ்) கண்ட விடை

நெஞ்சுவலி வந்தவருக்கு ஆஞ்சியோ எடுத்துவிட்டு, அடைப்பு இருக்கிறது என்கிறார் மருத்துவர். அந்த அடைப்பு இதயத்தின் அறைகளுக்குள் இல்லை. இதயத் தசைக்கு இரத்தம் தரும் கரோனரி தமனிகளில் இருக்கிறது. மகாதமனி இதயத்தை விட்டுக் கிளம்பும் அடிப்பகுதியிலேயே, அதன் முதல் கிளைகளாக வலமும் இடமுமாகப் பிரிந்து இதயத்தின் மேல் படரும் குழாய்கள் அவை. அறைகள் நிறைய இரத்தம் இருந்தும், இந்தக் குழாய் அடைபட்டால் தசை பட்டினி கிடக்கிறது.

இதயத்தின் உணவு பற்றி 13-ஆம் நூற்றாண்டிலேயே சரியான திசையில் சிந்தித்தவர் அலாவுத்தீன் இப்னுந் நஃபீஸ் (ரஹ்). திமிஷ்கில் நூரி மருத்துவமனையைச் சார்ந்து மருத்துவம் பயின்று, பின்பு கெய்ரோவில் குடியேறினார். நம்மில் பலர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் ஃபிக்ஹு சட்டங்களை அங்குள்ள மஸ்ரூரிய்யா மதரஸாவில் கற்பித்தார். மருத்துவரும் ஃபகீஹும் ஒருவரிலேயே இருந்தனர்.

இப்னு சீனாவின் அல்கானூன் அன்று மருத்துவ உலகின் தலையாய கித்தாப். அதன் உடற்கூறியல் பகுதிகளுக்கு 1242-இல் விரிவுரை எழுதியபோது அவருக்கு வயது முப்பதை ஒட்டியிருக்கும். இதயம் தன் வலது அறையிலுள்ள இரத்தத்தால் ஊட்டம் பெறுகிறது என்ற கருத்தை அதில் அவர் மறுத்தார். இதயத்தின் தசைக்குள் ஊடுருவிச் செல்லும் நாளங்களின் வழியாகவே ஊட்டம் வருகிறது என்றார். இரு கீழறைகளுக்கு இடையே உள்ள சுவரில் துளை இல்லை, இரத்தம் நுரையீரல் வழியாகவே இடப்பக்கம் சேர்கிறது என்றும் எழுதினார். இந்த இரண்டாவது கருத்தில் ஜாலீனூஸையும் மறுத்தார்.

மதரஸாவில் ஷரஹ் ஓதிய நமக்கு இது புதிதல்ல. மூல நூலாசிரியருக்கு உரிய கண்ணியத்தைக் கொடுத்துக்கொண்டே, அவர் சொன்னதில் தவறு தெரிந்தால் தெரிவிப்பதும் விரிவுரையாளரின் அமானிதம்.

ஹிஜ்ரி 687-இல் (1288) கெய்ரோவில் அவர் வஃபாத்தானார். தம் வீட்டையும் நூல்களையும் மன்சூரி மருத்துவமனைக்கே விட்டுச் சென்றார்.

அந்த விரிவுரையின் பிரதி ஒன்றை பெர்லின் நூலகத்தில் கண்டு, நுரையீரல் பற்றிய அவருடைய கருத்தை 1924-இல் ஆய்வேடாக எழுதியவர் முஹ்யித்தீன் தத்தாவி என்ற எகிப்திய மருத்துவர். இமாமின் காலத்துக்கும் அதற்கும் இடையே 600 ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. முன்னோரின் பெயர்களை நாம் பெருமையோடு சொல்கிறோம். அவர்கள் எழுதியதைத் திறந்து படிப்பதும், அவர்களைப் போலவே சரிபார்ப்பதும் அந்தப் பெருமைக்கு நாம் செலுத்த வேண்டிய கடன்.