அப்பா கைவிட்ட சிறுவன், ராஜாக்கள் தேடிய சமையல்காரர்: யார் இந்த கரேம்?

பாரிஸ் போகிறவர்களில் பலர் லதுரே மாதிரி பேர்போன பேஸ்ட்ரி கடைகளில் மக்கரோன் ருசிக்காமல் திரும்புவதில்லை. பாதாம் மாவு, சர்க்கரை, முட்டை வெள்ளைக்கரு, அவ்வளவுதான் சரக்கு. ஆனால் வாயில் போடும் முன்பே கடைக் கண்ணாடி நம்மை நிறுத்திவிடுகிறது இல்லையா? பலகாரத்தைத் தெருவே நின்று பார்க்கும் காட்சியாக்கியதில் மாரி-அந்துவான் கரேமுக்குப் பெரிய பங்கு உண்டு.

1784-ல் பாரிஸில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். வீட்டில் ஏகப்பட்ட பிள்ளைகள். பிரெஞ்சுப் புரட்சி நடந்துகொண்டிருந்த நேரத்தில், சின்னப் பையனாக இருந்தவரை அப்பா பிழைத்துக்கொள்ளச் சொல்லி தெருவில் விட்டுவிட்டுப் போனார். ஒரு மலிவு சாப்பாட்டுக் கடையில் எடுபிடி வேலை கிடைத்தது. சம்பளம்? சாப்பாடும் படுக்க இடமும்தான்.

1798 வாக்கில் பாலே ரோயால் அருகே சில்வான் பாயி என்பவரின் பேஸ்ட்ரி கடையில் சேர்ந்தார். முதலாளி நல்ல மனுஷர். வேலைக்கு நடுவே நூலகம் போய்வர நேரம் கொடுத்தார். பக்கத்திலேயே ரிஷ்லியு தெருவில் தேசிய நூலகம். பழைய கோயில்கள், பிரமிடுகள், இடிந்த மண்டபங்கள் என்று கட்டடப் படங்களைப் பார்த்துப் பார்த்து வரைந்தார் கரேம். பிறகு அவற்றையே சர்க்கரையிலும் பாதாம் விழுதிலும் கட்டி எழுப்பினார். கடை ஜன்னலில் அவை நின்றன, கூட்டம் கூடியது. இன்ஸ்டாகிராமுக்கு 200 வருஷம் முன்பே, சாப்பிடுவதற்கு மட்டுமல்ல, பார்ப்பதற்கென்றும் செய்த பலகாரங்கள்!

அதன் பிறகு ஏற்றம்தான். சொந்தக் கடை, ராஜதந்திரி தலெய்ரானின் சமையலறை, 1816-ல் இங்கிலாந்தின் பட்டத்து இளவரசர் வீடு, பிறகு பாரிஸின் பெரும் பணக்காரர் ஜேம்ஸ் ரோத்ஸ்சைல்ட் மாளிகை. லண்டன் மட்டும் ஒத்துவரவில்லை, சீக்கிரமே ஊர் திரும்பிவிட்டார்.

ஆனால் இந்தப் புகழுக்குக் கொடுத்த விலை பெரிது. அன்றைய சமையலறைகளில் எரிந்தது கரி. பரிமாறும் நேரத்தில் பதார்த்தம் ஆறிவிடக் கூடாதென்று ஜன்னல்களைச் சாத்திவிடுவார்கள். அந்தப் புகையில்தான் மணிக்கணக்காக வேலை. கரிப்புகை சமையல்காரர்களைக் கொல்கிறது என்று கரேமே எழுதியிருக்கிறார். தெரிந்தேதான் உள்ளே நின்றார். விருந்து மேஜையில் உட்கார்ந்தவர்களுக்கு அந்தப் புகை தெரிந்திருக்காது.

மேலே கரு வைத்து ஒட்டிய இரட்டை மக்கரோன் அவர் காலத்தில் வரவில்லை. அது 20ஆம் நூற்றாண்டுச் சமாச்சாரம். அவர் விட்டுப்போனது புத்தகங்கள். 1815-ல் வந்த பேஸ்ட்ரி நூல்களில் படங்களையும் தானே வரைந்தார். வாய்வழியாக, ஆளுக்கு ஆள் மாறிக்கொண்டிருந்த தொழில் ரகசியங்கள் அச்சில் ஏறின.

1833 ஜனவரியில் 48 வயதில் இறந்தார். பிரெஞ்சுச் சமையல் பற்றிய அவரது கடைசி நூல் பாதியில் நின்றது. ப்ளூமெரே என்ற இன்னொரு சமையல்காரர் மீதித் தொகுதிகளை எழுதி முடித்தார்.