வேலை போன ராத்திரி எங்கே தங்குவது?

ஒரகடம் வழியா காலேஜ் பஸ்ல வர்றவங்க தினமும் பார்க்கிற காட்சிதான். நைட் ஷிப்ட் முடிஞ்சு கம்பெனி பஸ்கள் வரிசையா எதிரே வரும். ஜன்னல்ல தலை சாய்ச்சுத் தூங்கற அக்காக்கள்ல பாதிப் பேருக்கு நம்ம வயசுதான் இருக்கும். ஊர்ல இருந்து வேலைக்குன்னு வந்தவங்க. வேலை இருந்தால் ஹாஸ்டலில் ஒரு கட்டில் இருக்கும். காண்ட்ராக்ட் முடிஞ்சா? உடம்புக்கு முடியாம போனா?

இந்தக் கேள்விக்கே வாழ்க்கையைக் கொடுத்த ஒரு கன்னியாஸ்திரி ஸ்பெயினில் இருந்தார். பெயர் விசென்ட்டா மரியா லோபெஸ் இ விக்குன்யா. 1847 மார்ச் 22-ல், நவார்ரா பகுதியில் காஸ்கான்டே என்ற சின்ன ஊரில் பிறந்தார். அப்பா வக்கீல், வசதியான குடும்பம். படிப்புக்காக மாட்ரிட்டில் இருந்த சித்தி எவுலாலியா வீட்டுக்கு அனுப்பினார்கள். அங்கதான் எல்லாமே மாறிச்சு.

அப்போ மாட்ரிட்டுக்குக் கிராமத்துப் பெண்கள் வீட்டு வேலைக்கு வந்துகொண்டே இருந்த காலம். வேலை செய்யற வீட்டிலேயே தங்கணும். அதனால வேலை போனா வீடும் போச்சு. நோய் வந்தால் ஆஸ்பத்திரி. குணமாகித் திரும்பினால் அந்த இடத்தில் வேற ஒருத்தி இருப்பாள். கையில் காசு இல்லாம, தெரிஞ்சவங்க யாரும் இல்லாம தெருவில் நிற்கிற பெண்ணுக்கு என்ன நடக்கும்னு சொல்ல வேண்டியதில்லை. ஆஸ்பத்திரியில் இப்படிப்பட்டவர்களைப் பார்த்த எவுலாலியா, 1853-ல் அவர்களுக்காக ஒரு சின்ன வீட்டைத் திறந்தார். தங்கலாம், உடம்பு தேறலாம்; தையல், சமையல், எழுத்துப் படிப்பு கத்துக்கலாம்; நல்ல வீடாப் பார்த்து மறுபடி வேலைக்குப் போகலாம். திரும்ப வேலை போனா? திரும்ப வரலாம்!

சித்திக்குக் கூடமாட உதவின விசென்ட்டாவுக்கு அந்த வீடே உலகம் ஆயிடுச்சு. வீட்டில் கல்யாணப் பேச்சு எடுத்தபோது மறுத்தார். 19 வயதில் கன்னிமை விரதம் எடுத்துக்கொண்டார். அப்பா அம்மாவைச் சம்மதிக்க வைக்கிறது லேசுல நடக்கலை. ஏற்கெனவே இருந்த ஏதாவது மடத்தில் அவர் சேர்ந்திருக்கலாம். ஆனா அங்கே போனால் இந்தப் பெண்களை யார் பார்த்துக்கிறது?

அவர் கெட்டிக்காரத்தனம் எனக்குத் தெரிஞ்சு இங்கதான். ஒரு பணக்காரச் சித்தியின் இரக்கம் அந்தச் சித்தியோடு முடிஞ்சு போகும். ஆளுக்கு ஆள் கை மாறி நிற்கணும்னா அதுக்கு ஒரு அமைப்பு வேணும். 1876 ஜூன் 11 அன்று, இன்னும் இரண்டு பெண்களோடு துறவு உடை ஏற்று, வீட்டு வேலை செய்யும் பெண்களுக்காகவே ஒரு சபையைத் தொடங்கினார். மாட்ரிட்டைத் தாண்டி சரகோசா, செவில்லே, பார்சலோனா என்று வீடுகள் திறந்தன.

ஒண்ணு ஒத்துக்கணும். சம்பளம், வேலை நேரம், லீவுன்னு முதலாளிகளோடு சண்டை போட்டவர் இல்லை அவர். அந்த வேலை நம்ம நாட்டில் நடக்க நூறு வருஷம் ஆச்சு. 1985-ல் பெல்ஜியத்திலிருந்து வந்த ஜான் டெவோஸ் என்ற இன்னொரு அருட்சகோதரி வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்காக இயக்கம் தொடங்கினார். தமிழ்நாட்டில் அவர்களுக்கு நலவாரியம் வந்தது 2007-ல்.

விசென்ட்டா 1890 டிசம்பர் 26 அன்று, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், மாட்ரிட்டில் இறந்தார். வயது 43 தான். 1975-ல் போப் ஆறாம் பால் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்.

2024 ஆகஸ்டில் நம்ம வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்க சிப்காட் குடியிருப்பு திறந்தாங்க. பஸ்ஸில் போகும்போதே அந்தக் கட்டடங்கள் தெரியும். அங்கே தங்கியிருக்கிற யாரையாவது உங்களுக்குத் தெரிஞ்சா, வேலை போன பிறகு எத்தனை நாள் இருக்க விடுவாங்கன்னு கேட்டுச் சொல்லுங்க.