அடக்கத்தின் ஆற்றல்

இலண்டன் மாநகரின் விம்பிள்டன் புல்வெளியில் 1877 முதல் டென்னிஸ் போட்டிகள் நடைபெற்று வருகின்றன. அங்கு ஆடவர் ஒற்றையர் பட்டம் வென்ற முதல் கறுப்பினத்தவர் ஆர்தர் ஆஷ். வலிமை என்பது வேகத்தில் மட்டும் இல்லை என்பதை உலகிற்கு உணர்த்தியவர் அவர்.

ஆஷ் 1943ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்திலுள்ள ரிச்மண்ட் நகரில் பிறந்தார். நிறப்பாகுபாடு சட்டமாகவே நிலவிய காலம் அது. ஆறு வயதில் தாயை இழந்தார். கறுப்பின மக்களுக்கென ஒதுக்கப்பட்ட பூங்கா ஒன்றின் காப்பாளராக அவர் தந்தை பணியாற்றினார். அப்பூங்காவின் ஆடுகளத்தில்தான் ஆஷ் முதன்முதலில் மட்டையைப் பிடித்தார். நகரின் சிறந்த ஆடுகளங்கள் வெள்ளையருக்கே உரியனவாக இருந்தன.

அவருக்கு ஆசானாக வாய்த்தவர் மருத்துவர் இராபர்ட் வால்டர் ஜான்சன். எல்லைக்கோட்டிற்குச் சற்று வெளியே விழும் பந்தையும் சரியெனக் கொண்டு ஆடவேண்டும். நடுவரோடு வாதிடுதல் கூடாது என்பன அவர் வகுத்த நெறிகள். சினத்தைக் காரணம் காட்டித் தம் மாணவர்களைப் போட்டியிலிருந்து எவரும் விலக்கிவிடக் கூடாது என்று அவர் எண்ணினார். தற்காப்பாகக் கற்ற அவ்வடக்கம் பின்னாளில் ஆஷின் படைக்கலனாயிற்று.

1968இல் அமெரிக்க ஓப்பன் பட்டத்தை ஆஷ் வென்றார். தொழில்முறை சாரா வீரராக ஆடியமையால் 14,000 டாலர் பரிசுத்தொகை அவருக்குக் கிட்டவில்லை. நிறவெறி கோலோச்சிய தென்னாப்பிரிக்கா அவருக்கு நுழைவு அனுமதி மறுத்தது. தளராது முயன்று 1973இல் அங்குச் சென்று ஆடினார்; இறுதிப் போட்டியில் ஜிம்மி கானர்ஸிடம் தோற்றார். அதே நிறவெறியை எதிர்த்து, சென்னையைச் சேர்ந்த விஜய் அமிர்தராஜ், ஆனந்த் அமிர்தராஜ் ஆகியோர் இடம்பெற்ற இந்திய அணி, 1974ஆம் ஆண்டு டேவிஸ் கோப்பை இறுதிப் போட்டியில் தென்னாப்பிரிக்காவோடு ஆட மறுத்தது. வழிகள் வேறாயினும் நோக்கம் ஒன்றே.

1975ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் நாள் விம்பிள்டன் இறுதிப் போட்டியில் ஆஷும் கானர்ஸும் மீண்டும் எதிரெதிரே நின்றனர். கானர்ஸ் முந்தைய ஆண்டின் வாகையர்; இருபத்திரண்டு வயதினர். ஆஷுக்கோ முப்பத்திரண்டு வயது நிறைவதற்கு ஐந்து நாள்களே எஞ்சியிருந்தன. இருவருக்குமிடையே வழக்கும் நிலுவையில் இருந்தது. எதிராளியின் வேகத்தையே தம் வலிமையாக்கிக் கொள்பவர் கானர்ஸ். அதனை உணர்ந்த ஆஷ், தமக்கு இயல்பான அதிரடி ஆட்டத்தைக் கைவிட்டார். பந்தை மென்மையாகவும் தாழ்வாகவும் அனுப்பினார். ஆட்ட இடைவேளைகளில் கண்மூடி அமர்ந்து மனத்தை ஒருமுகப்படுத்தினார். மூன்றாம் செட்டில் கானர்ஸ் மீண்டெழுந்தபோதும் ஆஷ் கலங்கவில்லை. 6-1, 6-1, 5-7, 6-4 என்னும் கணக்கில் வெற்றி அவரை அடைந்தது.

1983இல் இதய அறுவை சிகிச்சையின்போது செலுத்தப்பட்ட குருதியால் எச்.ஐ.வி. தொற்றுக்கு ஆளானார். 1992இல் அதனை வெளிப்படையாக அறிவித்து, எய்ட்ஸ் ஒழிப்புப் பணிக்கென அறக்கட்டளை ஒன்றை நிறுவினார். 1993ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் நாள் இயற்கை எய்தினார்.

ரிச்மண்ட் நகரின் முதன்மைச் சாலையொன்றில், அடிமை முறையைக் காக்கப் போரிட்ட படைத்தலைவர்களின் சிலைகள் வரிசையாக நின்றன. 1996இல் அதே சாலையில் ஆஷுக்கும் சிலை எழுப்பப்பட்டது. பின்னாளில் படைத்தலைவர்களின் சிலைகள் அகற்றப்பட்டன. சிறுவர் சூழ நிற்கும் ஆஷின் சிலை இன்றும் அங்கு நிற்கிறது.